இடமிருந்து ஐந்தாவது முகம்

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். தேதியைப் பார்த்து, ஃப்ரிட்ஜில் முந்தின நாள் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும் சத்தம் வரும்வரை செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரிக்காரருக்காக மூட்டை கட்டி வைத்தேன். பிறகு கீழே இறங்கி, ஸ்கூட்டர் உறையை எடுத்து நான்காக மடித்து, எப்போதும்போல் மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்தேன். ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அந்த இடம் எனக்கென்றே ஆகிவிட்டது. வேறு யாரும் அங்கே எதையும் வைப்பதில்லை.

அன்று கேளம்பாக்கத்தில் என் நண்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம். என் மனைவி முந்தின நாளே அங்கே போய்விட்டாள். நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே நான் எழுதியிருப்பது ஒரே வரி: "காரியம் நல்லபடி முடிந்தது." அது உண்மையல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குக் கேளம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை. ஆகஸ்ட் கடைசி நாள் காலை ஷட்டரைப் பாதி தூக்கியவன், அப்படியே படியில் உட்கார்ந்தான். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. என்னைவிட மூன்று வயது சின்னவன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர் கேளம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். இப்போது அதே இடத்தில் நின்றால் எதிர் ஃபிளாட்டின் துணி காயும் பால்கனிதான் தெரிகிறது. ஏழு பேருக்கும் வேலை மாறியது, வீடு மாறியது. சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தே வருடங்கள் ஆகியிருக்கும். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏழு பேரும் ஒரே வரிசையில் நின்றோம். அது பேனரில்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, கடைத் திறப்போ, பிறந்த நாளோ, நண்பர்கள் என்று இருந்தால் பேனர் வைத்தாக வேண்டும். நடுவில் விழா நாயகன். அவன் இரண்டு பக்கமும் சிங்கம். பின்னால் ஒரு ஜீப் வெடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே, படிக்கிறவர்கள் நின்று சிரிக்கிற மாதிரி நான்கு வரி. அடியில், வட்ட வட்டமாக நண்பர்களின் தலைகள். எங்கள் ஏழு தலைகளையும் பேனர் கடைக்காரர் தம் கம்ப்யூட்டரில் ஒரே துண்டாகச் சேர்த்து வைத்திருந்தார். மேலே யார் வந்தாலும் சரி, கீழே அந்தத் துண்டை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. புரூஃப் அனுப்பும்போது கூட அந்த அடிப்பட்டையை அனுப்ப மாட்டார். அதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

இடமிருந்து ஐந்தாவது அவன், ஆறாவது நான். என்னுடையது அலுவலக அடையாள அட்டையில் இருந்த படம். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருப்பேன். "இன்னா மச்சான், போலீஸ் தேடற ஆளு மாதிரி கீற" என்று அவன் ஒவ்வொரு பேனருக்கும் சொல்வான். அவன் படத்தை எடுத்தது நான். மாமல்லபுரம் கடற்கரையில், ஒரு தைப்பொங்கல் விடுமுறையில். சிவப்புச் சட்டை. மணலில் கண்ணாடி விற்றுக்கொண்டு வந்தவரிடமிருந்து ஒரு கறுப்புக் கூலிங் கிளாஸை வாங்கிப் போட்டுக்கொண்டு, கட்டை விரலை உயர்த்தி, "எட்றா" என்றான். எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல படங்கள் வந்தும் அவன் பேனரில் அதை மாற்றவில்லை.

"வேற குடேன்டா, இது பழசு."

"இதுல முடி கீது மச்சான்" என்றான்.

அவன் முகம் எங்கள் வரிசையோடு நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள், கறிக்கடைக்காரரின் மைத்துனன் என்று யார் வந்து "அண்ணாத்த, உங்க ஃபோட்டோ ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாலும் சரி என்பான். நான் ஒரு தடவை கண்டித்தேன். யார் எவர் என்று தெரியாமல் எல்லார் கல்யாணத்திலும் உன் தலை எதற்கு என்று கேட்டேன்.

"மூஞ்சிதானே மச்சான். தேஞ்சா போவுது?"

அவன் மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சின்ன வயதில் பைக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, திருப்போரூருக்கோ கோவளத்துக்கோ போகிற வழியெல்லாம் அப்பாக்களை எண்ணுவாள். "அதோ ஒரு அப்பா. இதோ இன்னொரு அப்பா." விழா முடிந்த பேனர்கள் வீணாகப் போவதில்லை. கூரை ஒழுகினால் மேலே போடுவார்கள். வண்டிக்கு, விறகுக்கு, மீன் வலைக்கு மூடுவார்கள். கோவளத்தில் ஓர் இளநீர் வண்டிக்கு மேல் அவன் தலைகீழாகக் கட்டை விரலைக் காட்டிக்கொண்டு வெகுநாள் இருந்தான். காட்டுவது கீழ்நோக்கியா மேல்நோக்கியா என்று தெரியாமல் இளநீர் நல்லதா கெட்டதா என்று ஆட்கள் யோசிப்பார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

என் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டிலேயே ஒன்று வைத்துவிட்டான். நான் ரயிலிலிருந்து இறங்கி வெளியே வருகிறேன். எதிரே நான் போலீஸ் உடுப்பில், முறுக்கு மீசையோடு நிற்கிறேன். மேலே, "அலாரத்துக்கு முன்னால் எழும் அண்ணனே! தேதி கிழிக்க மறவாத தென்னாட்டுச் சிங்கமே!" என்று எழுதியிருந்தது. அதே ரயிலில் வந்த என் மேலதிகாரி பக்கத்தில் நின்று நிதானமாகப் படித்தார். அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தேன்.

"உடனே கழட்டச் சொல்லு."

"ஏன்டா, சிங்கம் சின்னதா கீதா?"

அன்று மாலையே நானே கழற்றி எடுத்து வந்தேன். தடித்த நல்ல ஃபிளெக்ஸ், தூக்கிப் போட மனம் வரவில்லை. ஸ்கூட்டருக்கு உறையாக்கிக்கொண்டேன். படம் உள்பக்கம், வெறும் சாம்பல் நிறம் வெளிப்பக்கம். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் உள்ள போட்டு மூடி வெச்சிருக்கியேடா. மூச்சு முட்டாது எங்களுக்கு?" என்றான்.

இத்தனைக்கும் நடுவில் கஷ்டப்பட்டது அவன் மனைவி. அந்தம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "டீச்சர், உங்க வூட்டுக்காரரு சிங்கத்து மேல சாஞ்சிக்கினு நிக்கறாரு டீச்சர்" என்று பிள்ளைகள் வகுப்பிலேயே சொல்வார்களாம். அந்தம்மாவுக்கு நல்லாசிரியர் பாராட்டு கிடைத்தபோது, தலையில் கிரீடம் வைத்துப் பள்ளிக்கூட வாசலிலேயே பேனர் கட்டிவிட்டான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை என்று சொன்னார்கள். அந்த ஒரு வாரமும் கிரீடத்தைப் பற்றித்தான் அவன் கவலைப்பட்டான். கொஞ்சம் சாய்ந்துவிட்டதாம்.

பால் தெளித்த மறுநாள் அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு பேசினார்.

"பதினாறுக்கு நீங்கள்லாம் பேனர் வைப்பீங்க. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டீங்க. வைங்க. ஆனா இந்த ஒண்ணுலயாவது அவர ஒழுங்கா போடுங்கண்ணா. கண்ணாடி வேணாம். கைய காட்ட வேணாம். ஊரு ஒரு தடவையாவது அவரப் பார்த்து சிரிக்காம இருக்கணும். நீங்க பார்த்து செஞ்சா சரியா இருக்கும்."

நான் பார்த்துச் செய்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று கிடைத்தது. வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறவன் மாதிரி இருந்தான். அந்தம்மாவிடம் காட்டினேன். "இதான்" என்றார். வாசகத்தை எழுதி, பேனர் கடைக்காரரிடம் நேரில் கொடுத்தேன். புரூஃப் என் போனுக்கு வந்தது. மேகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவன், தோற்றம், மறைவு, 'உன் பிரிவால் வாடும் நண்பர்கள்' என்கிற வரி. ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அஞ்சலி'யில் பிழையில்லை. சரி என்று அனுப்பினேன்.

ஞாயிறு விடியற்காலையில் வேன் வைத்துக்கொண்டு குடும்பமும் மற்ற நண்பர்களும் மாமல்லபுரத்துக்குப் போயிருந்தார்கள். கடலில் செய்ய வேண்டியதைச் செய்து முழுகிவிட்டு, மதியப் படையலுக்குத் திரும்ப வேண்டும். சாமியானாவையும் சமையலையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வண்டலூர் ரோடு வழியாக வந்து அவர்கள் தெருமுனையில் திரும்பினேன். டீக்கடைக்குப் பக்கத்தில் பேனர் நின்றது. அதற்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே அவன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். கீழே, 'உன் பிரிவால் வாடும் நண்பர்கள்' என்பதற்கு அடியில், ஏழு வட்டங்கள். இடமிருந்து ஐந்தாவது வட்டத்தில் அவன் சிவப்புச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாபா இது, போனவரு கீழயும் நின்னுக்கினு கீறாரு!"

"அவரு எந்த பேனர்ல இல்லாம இருந்தாரு? இதுக்கு மட்டும் வராம பூடுவாரா?"

"சூப்பரா கீதுன்னு கைய வேற காட்டறாரு பாரு."

ஓர் இளைஞர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். எடுக்க வேண்டாம் என்றேன். என்னை வரிசையில் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது, உடனே போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"சாரி சார். அவரு எனக்கும் வேண்டியவர்தான் சார். இந்த போனே அவரு சரி பண்ணதுதான். சிரிப்பு வந்துடுச்சு."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பேனர் கடைக்காரரின் வீடு கடைக்குப் பின்னால்தான். தட்டில் இட்லியோடு வெளியே வந்தார்.

"இன்னாண்ணா, எழுத்து எதுனா தப்பா?"

"கீழே அஞ்சாவது யாருன்னு பாருங்க" என்று என் போனில் எடுத்திருந்ததைக் காட்டினேன்.

தட்டைத் திண்டில் வைத்தார்.

"அய்யய்யோ. கைப்பழக்கம்ணா. மேட்டர் முடிச்சன்னா துண்டு தானா கைல வந்துடும். நான் மேல கீற மூஞ்சியவே பார்த்துக்கினு இருந்தேன். சத்தியமா கீழ பார்க்கல. எங்கடைக்கு மொத பேனர் குடுத்ததே அவருதான்ணா."

"மதியம் வேன் வர்றதுக்குள்ள புதுசு அடிக்க முடியுமா?"

"மிஷின் ஆளு ஊருக்குப் பூட்டான். ஞாயித்துக்கெழம. வேணும்னா ஸ்டிக்கர் கட் பண்ணித் தரேன், மேல ஒட்டிக்கலாம். இன்னா படம் போட? பூவா, புறாவா, வெளக்கா?"

"விளக்கு."

கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் எங்கள் ஏழு பேரும் வந்தோம். வட்டத்தின் அளவை எடுத்துக்கொண்டு விளக்கைப் பொருத்தினார். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அடுத்த மாதம் வேறு யார் வீட்டிலோ விசேஷம் வரும். இவர் கை மறுபடியும் பழக்கத்தில் துண்டை எடுத்து ஒட்டும். அந்தம்மா பள்ளிக்குப் போகிற வழியில் அவன் நின்று கையைக் காட்டுவான். ஒரு வேலையை எடுத்தால் அதை முழுதாக முடிக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

"துண்டுலேர்ந்தும் எடுத்துடுங்க" என்றேன்.

"தூக்கிடவாண்ணா?"

"தூக்கிடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது."

மௌஸில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அழுத்தினார். ஐந்தாவது வட்டம் போனது. மீதி ஆறையும் இழுத்து நெருக்கிச் சரிசெய்தார். இடைவெளி எதுவும் தெரியவில்லை. என் பக்கத்தில் இப்போது வேறு ஒருவன் இருந்தான். சேமித்துவிட்டு, "வேல முடிஞ்சிதுண்ணா" என்றார்.

சாமியானா கட்ட வந்தவர்களிடம் ஏணியைக் கேட்டு வாங்கினேன். நானே ஏறினேன். அவ்வளவு கிட்டத்தில் அந்தப் படத்தை நான் என்றுமே பார்த்ததில்லை. முகம் என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. கூலிங் கிளாஸின் ஒரு கண்ணில் வெளிச்சமாக மணல், அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மற்றவர்களுக்கு அது அச்சுக் கறை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நிற்கிற நான் அது. ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தேன். முதலில் கட்டை விரலை மூடினேன், பிறகு வாயை, பிறகு கண்ணாடியை. காற்றுக் குமிழ் வராமல் கைக்குட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். கீழே இறங்கிப் பார்த்தேன். ஆறு நண்பர்கள், இடையில் ஒரு விளக்கு. நன்றாகத்தான் இருந்தது. இப்படித்தான் முதலிலேயே யோசித்துச் செய்தார்கள் என்று யாரும் நினைப்பார்கள்.

"இன்னா சார், அவர எட்த்துட்டீங்களா?" என்றார் டீக்கடைக்காரர். அதில் கேலி இல்லை.

வேன் வந்தபோது எல்லாருக்கும் தலை ஈரமாக இருந்தது. என் மனைவி அந்தம்மாவைக் கையைப் பிடித்து இறக்கினாள். அந்தம்மா தெருமுனையிலேயே நின்று பேனரைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளைச் சட்டையை, வாரிய தலையை, எழுத்துகளை எல்லாம் ஒரு விடைத்தாளைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே பார்த்தார்.

"நல்லா இருக்குண்ணா" என்றார். "ரொம்ப ஒழுங்கா இருக்கு."

எனக்கு மூச்சு வந்தது.

மகள் கடைசியாக இறங்கினாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அதில் ஏதோ கொஞ்சம் தெளிவும் இருந்தது.

"மாமா, வர்ற வழியில மூணு அப்பா பார்த்தேன். மகாபலிபுரத்துல ஒரு வலைக் கொட்டாய் மேல ஒண்ணு. நெம்மேலி கிட்ட ஒரு பஞ்சர் கடையில. எளநீர் வண்டி இன்னும் அங்கதான் இருக்கு, அதுலயும் இருக்காரு. இதுல நாலாவதுன்னு சொல்லிக்கினு வந்தேன்." சொல்லிக்கொண்டே பேனரின் கீழ்வரிசையைப் பார்த்தாள். இடமிருந்து விரலால் எண்ணினாள். விரல் விளக்கில் நின்றது.

"இதுல கீழ அப்பா எங்க?"

மற்ற நண்பர்கள் அப்போதுதான் வரிசையைக் கவனித்தார்கள். பெரிய படத்தைக் காட்டி, "அதோ மேல இருக்காரே கண்ணு" என்றேன்.

"அது எங்க அப்பா மாதிரியே இல்ல மாமா."

அந்தம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அடியில இருக்காராண்ணா?"

"ஆமாம்மா. கடைக்காரர் தெரியாம போட்டுட்டாரு. நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டேன்."

"கண்ணாடியோடவா?"

"ஆமா."

"கைய காட்டிக்கினு?"

"ஆமாம்மா."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நானும் போய் இலைகளை எண்ணினேன், தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். படையல் நடந்தது. அவன் படத்துக்கு முன்னால் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். மூன்று பந்திகள் போட்டோம். கடைசிப் பந்தியில் பரிமாறும்போது அந்தம்மா ரசவாளியோடு என் இலைக்கு எதிரில் வந்து நின்றார்.

"நான்தானே சொன்னேன் ஒழுங்கா போடுங்கன்னு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பதினாறு நாளா வூடு ஒழுங்காத்தான்ணா இருக்கு. செருப்பு அது எடத்துல இருக்கு. ரிமோட்டு அது எடத்துல இருக்கு. யாரும் ஒண்ணும் கலைக்கறதில்ல."

ரசம் ஊற்றினார். நான் போதும் என்று கையைக் காட்ட மறந்துவிட்டேன். இலை ஓரம்வரை ஓடியது.

கை கழுவும்போது மகள் பின்னால் வந்தாள். "அந்த ஸ்டிக்கர எடுத்துடலாமா மாமா?" என்றாள். "யாரு சிரிச்சா என்ன? இல்லாட்டி அந்த ஃபோட்டோ மட்டும் எனக்கு வேணும். கண்ணாடி போட்டது. அப்பா போன்ல தேடிட்டேன், இல்ல. எல்லாருமே பேனர் கடையிலதான் வாங்கிக்குவாங்களாம்."

"வாங்கித் தரேம்மா" என்றேன்.

பேனர் கடைக்காரர் படையலுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அது நல்ல கம்முண்ணா. உரிச்சா மூஞ்சியும் கூடவே வந்துடும்."

"சரி, ஃபோட்டோ? பழைய ஃபைல் எதிலாவது இருக்குமே."

"ஏதுண்ணா ஃபைலு? பேனரு கட்டினதும் அழிச்சிடுவேன், சிஸ்டம் நின்னு பூடும். அந்தத் துண்டு ஒண்ணுதான் வெச்சிருந்தேன். அதத்தான் காலைல..." என்று என்னைப் பார்த்தார். "உங்க போன்ல எடுத்தது தானே? உங்ககிட்ட இருக்கும்ல?"

அந்தப் போன் வெகுநாளைக்கு முன்னால் கெட்டுப்போனது. சரி செய்யச் சொல்லி அவனிடமே கொடுத்தேன். அவன் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே ஊதி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "பூட்டாரு மச்சான். மாலை வாங்கியா" என்றான். அதன் திரையை வேறு யாருடைய போனுக்கோ போட்டான். உள்ளே இருந்த படங்களைக் காப்பாற்ற முடியுமா என்று நான் கேட்கவில்லை. எல்லாம் பேனரில் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

காலையில் போனில் எடுத்த படத்தைப் பார்த்தேன். அவசரத்தில் எடுத்தது. ஏழு வட்டங்கள் இருப்பது தெரிந்தது. பெரிதாக்கினால் ஐந்தாவதில் சிவப்பாக ஏதோ ஒன்று, அதன் மேல் கறுப்பாக ஒன்று. அவ்வளவுதான்.

மகளிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான்தான் எடுக்கச் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அவள் அப்பா என்றால் கண்டிப்பாகத் திட்டியிருப்பான், எல்லாரும் சிரிக்கிற மாதிரி.

"பரவால்ல மாமா" என்றாள். "எளநீர் வண்டியில இருக்காருல்ல. போய்ப் பார்த்துக்கறேன்."

"அது தலைகீழா இருக்கேம்மா."

"ஃபோட்டோ எடுத்துத் திருப்பிக்கலாம்."

அவள் அம்மா கூடத்தில் ஓரமாகப் படுத்திருந்தார். தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமல், "வெயில்ல வெளுத்துப் போயிருக்கும்டி அது. நேத்து ஸ்கூல்லேர்ந்து கணக்கு நோட்டு எடுத்துக்கினு வரும்போது பார்த்தேன். சட்டை கலரே இல்ல" என்றார்.

அந்தம்மாவின் பள்ளி திருப்போரூரில். அங்கிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் கோவளம் இல்லை. சுற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. மகளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். எதுவும் கேட்காமல் போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

என் மனைவி இன்னும் இரண்டு நாள் அங்கே இருப்பதாகச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் நான் கிளம்பினேன். தெருமுனையில் பேனருக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ அதன் ஓரத்தில் உரசிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "யாருபா இது?" என்று டீக்கடையில் கேட்டார். அவர் என் நண்பனிடம் போன் ரிப்பேர் செய்துகொண்டவர். நான் அவரைக் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஊரப்பாக்கம் வந்து, வண்டியை அதன் இடத்தில் நிறுத்தினேன். மீட்டர் பெட்டி மேல் இருந்த உறையை எடுத்து உதறி, சாம்பல் நிறம் வெளியே தெரியும்படி போர்த்தினேன். நான்கு மூலையையும் கட்டினேன். மேலே போய்க் குளித்தேன். நாட்குறிப்பில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

செப்டம்பர் 16, திங்கட்கிழமை. எழுந்ததும் பால் எடுக்கவில்லை, மோட்டார் போடவில்லை. சமையலறையிலிருந்து ஓர் ஈரத்துணியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். நான்கு முடிச்சுகளையும் அவிழ்த்து, உறையைத் தரையில் படம் மேலே வரும்படி விரித்தேன். தென்னாட்டுச் சிங்கத்தின் நெஞ்சில் ஸ்கூட்டரின் கண்ணாடி குத்திய ஓட்டை இருந்தது. மீசை பாதி தேய்ந்திருந்தது. வரிசையில் என் முகம் இருக்கையில் உராய்ந்து உராய்ந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. மேல் பட்டன் மட்டும் மிச்சம். ஐந்தாவது வட்டத்தில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. மெதுவாகத் துடைத்தேன். சிவப்புச் சட்டை வந்தது. பிறகு கட்டை விரல், பிறகு சிரிப்பு, பிறகு கண்ணாடி. வெயில் படாமல் இருந்ததால் நிறம் போகவில்லை. கண்ணாடிக்குள் அந்தப் புள்ளியும் இருந்தது.

வட்டத்தை வெட்டி எடுக்கத்தான் கத்தரிக்கோல் கொண்டுபோனேன். வெட்டவில்லை. முழுவதையும் அப்படியே, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, வண்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கட்டினேன். கேளம்பாக்கத்துக்குக் கிளம்பினேன்.